உப்புத்தண்ணி குடிச்ச வெப்சைட்டு

வாங்க மாப்ள! செக்குப் போட்டீக, பின்னாலயே வெப்சைட்டும் போட்டுட்டீகளாம். வடமதுரை பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் பேச்சு வந்துருச்சு. இந்த மரியாதையெல்லாம் மொத வரிக்கு மட்டுந்தான். இனிமே பழைய மாமன், பழைய வாய்.

நானும் போன்ல தொறந்து பாத்தேன்டா. தாமரைப்பூ தானா விரியுது, எண்ணெய் சொட்டுச் சொட்டா விழுது, பின்னாடி எவனோ புல்லாங்குழல் ஊதுறான். கண்ணுக்கு எம்புட்டுக் குளிர்ச்சி! என்ன ஒண்ணு, நீ என்னத்த விக்கிறன்னு மட்டும் கடைசி வரைக்கும் வெளங்கல. ஏதோ மடம்னு நெனச்சு உங்க அத்தை கையெடுத்துக் கும்பிட்டுட்டா.

மில்லுல கணக்கு எழுதி ஓஞ்சு வந்த கெழவனுக்கு இதுல என்ன தெரியும்னு நீ முணுமுணுக்கிறது இங்க கேக்குது. என் பேத்தி சென்னையில இதே பொழப்புதான் பாக்குறா. எஸ்.இ.ஓ.ங்கிறாக. தேடுறவன் கண்ணுல கடைய மொதல்ல பட வைக்கிற வேலை. லீவுக்கு வந்தா நாள் பூரா போன்ல ஆளுகளைத் திட்டிக்கிட்டே இருப்பா. திண்ணையில தூங்குற மாதிரி படுத்துக்கிட்டே பாதித் தொழிலைக் கத்துக்கிட்டேன். மிச்சத்தை உன் சைட்டைக் காட்டிக் கேட்டேன். அவ சிரிச்சு முடிக்கவே கொஞ்ச நேரமாச்சு.

கூகுள்ல தேடுனா நீலக்கலர்ல ஒரு தலைப்பு வருமே, அந்த எடத்துல நீ எழுதி வச்சிருக்கிறது 'முகப்பு'. வடைச்சட்டி காயுற நேரத்துல எண்ணெய் தீந்து போச்சுன்னா, எந்தப் பொம்பளையாவது போனை எடுத்து 'முகப்பு'ன்னு தேடுவாளா? சரி, எப்படியோ வழி கண்டுபிடிச்சு உள்ள வந்துட்டாள்னு வையி. அங்க பெருசா 'இயற்கையின் மடியில் ஒரு பயணம்'. எண்ணெய் வாங்க வந்தவளை எங்கடா கூட்டிட்டுப் போற? அதுக்குக் கீழ 'குளிர் அழுத்த மர நெய்மம்'. எந்தப் புலவர் எழுதிக் குடுத்தாரு மாப்ள, தட்சணை எம்புட்டு?

நம்ம திண்டுக்கல்லுலயே ஒரு கதை கெடக்கு. 1957ல நாகசாமி நாயுடு பிரியாணிக் கடை போட்டாரு. போர்டுல இருந்த பேரு ஆனந்த விலாஸ். அவரு தலையில எப்பவும் தலப்பா கட்டியிருப்பாரு. சனம் போர்டைப் பாக்கல, தலையைப் பாத்துச்சு. தலப்பாக்கட்டி கடைன்னு சொல்லிச் சொல்லி, போர்டுல இருந்த பேரை மறக்கடிச்சு, தான் வச்ச பேரையே நிக்க வச்சுருச்சு. இன்னைக்குக் கடல் தாண்டிப் போயி நிக்கிற போர்டுலயும் அந்தப் பேருதான். கடைக்காரன் ஆசைப்பட்டு வைக்கிற பேரு வேற, கேட்டு வர்றவன் வாயில இருக்கிற பேரு வேற. தேடுற பெட்டியில தட்டுறது ரெண்டாவதைத்தான். அவுக 'மரச்செக்கு கடலை எண்ணெய்'ங்கிறாக, 'செக்கு எண்ணெய் விலை'ங்கிறாக. இங்கிலீஷ் எழுத்துல தமிழைத் தட்டுற புள்ளைக அவுக இஷ்டத்துக்கு நாலு விதமாத் தட்டும். 'நெய்மம்'னு தேடுறவன் இந்தப் பூமியில ஒருத்தன் இருந்தா அது உனக்கு எழுதிக் குடுத்த புலவராத்தான் இருக்கும்.

என்ன எழுதுறதுன்னு தெரியலையா? கடை வாசல்ல வந்து நிக்கிறவுக என்ன கேக்குறாக? ஒரு லிட்டருக்கு எம்புட்டுக் கடலை போகும்னு கேக்குறாக. ரெண்டேகால், ரெண்டரை கிலோ பருப்பு போகும்ல, அதை எழுது. பாக்கெட் எண்ணெயை விட ஏன் வெல கூடங்கிறவனுக்கு அந்த ஒரு வரி போதும். நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி போட்டு ஆட்டுறியா? அடியில மண்டி தங்குதே, கெட்டுப் போச்சா? நாங்களே எள்ளு கொண்டாந்தா ஆட்டிக் குடுப்பியா? கூலி என்ன, புண்ணாக்கு யாருக்கு? இதுக்கெல்லாம் பொழுதன்னைக்கும் தொண்டை வத்தப் பதில் சொல்லுற. அதையே சைட்டுல எழுதுடான்னா மட்டும் உனக்குக் கூச்சம் வந்துருது. தாமரைப்பூவுக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சுக்கிற.

அடுத்தது ஊரு. 'வடமதுரை'ன்னு மொட்டையா எழுதியிருக்க. எந்த வடமதுரை? ஆண்டாள் திருப்பாவையில சொல்லுற வடமதுரை உத்தரப் பிரதேசத்துல, யமுனைக் கரையில இருக்கு. 108 திவ்ய தேசத்துல ஒண்ணு. கோயம்புத்தூர்ல துடியலூர் பக்கம் ஒரு வடமதுரை. திருவள்ளூர் மாவட்டத்துல பெரியபாளையம் பக்கம் இன்னொண்ணு. நம்ம ஊரு திண்டுக்கல் மாவட்டம், வேடசந்தூர் தாலுகா, திருச்சி ரோடு. இதுல ஒரு வார்த்தையாவது உன் சைட்டுல இருக்கா? வெறும் வடமதுரைன்னு எழுதி மேல வரணும்னா கண்ணபிரான் பொறந்த ஊரோடல்ல நீ மல்லுக்கட்டணும். அதுக்கு நீயும் ஒரு அவதாரம் எடுத்தாத்தான் உண்டு.

இது போதாதுன்னு வாட்ஸ்அப் நோட்டீஸ்ல 'சௌந்தரராஜப் பெருமாள் கோயில் அருகில்'னு போட்ட பாரு, அதுதான் வேடிக்கை. நம்ம ஊர்ப் பெருமாளுக்கும் அந்தப் பேருதான், தாடிக்கொம்புப் பெருமாளுக்கும் அந்தப் பேருதான். மதுரைக்காரரு ஒருத்தர் நோட்டீஸைப் பாத்து, கரூர் ரோட்டுல தாடிக்கொம்புக் கோயில் வாசல்ல போயி எறங்கிக்கிட்டு, 'செக்கு எங்கப்பா, செக்கு எங்கப்பா'ன்னு உனக்குப் போன் போட்டாரே, மறந்துட்டியா? வந்ததுக்கு ரங்கமண்டபத்துச் சிற்பத்தை நின்னு பாத்து ரசிச்சுட்டு, எண்ணெய் வாங்காமலே வண்டியைத் திருப்பிட்டாரு. அவருக்குப் புண்ணியம், உனக்குத்தான் யாவாரம் போச்சு.

கடையை மேப்புல ஏத்துறதுக்குக் கூகுள்ல பிசினஸ் புரொபைல்னு ஒண்ணு இருக்கு. காசு கெடையாது. பேரு, தெரு, பின்கோடு, தொறக்கிற நேரம், போன் நம்பர். இதை எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி போடு. சைட்டுல உன் நம்பர், மேப்புல உங்கப்பன் நம்பர், நோட்டீஸ்ல மச்சினன் நம்பர்னு இருந்தா, மெஷினு மூணு கடைன்னு நெனச்சுக் குழம்பும். மச்சினன் எந்தக் காலத்துல போனை எடுத்தான்?

இப்ப எழுத்து. இது தமிழ்ல கடை வச்சிருக்கிறவுகளுக்குன்னே வந்த தனி நோவு. உன் விலைப்பட்டியல், பலன்கள், முகவரி எல்லாம் ஒரே போஸ்டரு. பிளெக்ஸ் அடிக்கிற எடத்துல பண்ணுன படத்தை அப்படியே தூக்கி வச்சிருக்க. பாக்குற மனுசனுக்கு அது எழுத்து, மெஷினுக்கு அது வெறும் படம். படத்துக்குள்ள இருக்கிற எழுத்தைப் படிக்கிற வித்தை இன்னைக்கு இல்லாம இல்ல. ஆனா உன் விலைப்பட்டியலைப் படிச்சே ஆகணும்னு அதுக்கு என்ன வேண்டுதலா? எழுத்தை எழுத்தா எழுது. படம் வைக்கணும்னா அதுல என்ன இருக்குன்னு மாற்று வரி ஒண்ணு குடுக்க எடம் இருக்கு, அதை நெரப்பு. 'வாட்ஸ்அப் இமேஜ்'னு ஆரம்பிச்சு நீளமா நம்பர் ஓடுற பேரைப் பாத்து, உள்ள இருக்கிறது எள்ளுப் புண்ணாக்குன்னு எவன் கண்டுபிடிப்பான்?

ஒரு தடவை போஸ்டரை விட்டுட்டு, டி.டி.பி. சென்டர்ல இருந்து எழுத்தையே வாங்கியாந்து ஒட்டிப் பாத்தியே, அப்ப என்னாச்சு? ஆங்கில எழுத்தும், புள்ளி வைக்க வேண்டிய எடத்துலெல்லாம் அரைப்புள்ளியுமா கொத்துக்கொத்தா வந்து நின்னுச்சு. வைரசுன்னு பயந்துபோயி கம்ப்யூட்டரை அணைச்சுட்ட. வைரசும் இல்ல, செய்வினையும் இல்ல. அது பழைய எழுத்துரு. இங்கிலீஷ் எழுத்து உக்கார்ற எடத்துல தமிழ் உருவத்தை வரைஞ்சு வச்சு ஓட்டுன காலத்துச் சரக்கு. அப்பெல்லாம் பத்திரிகைக்குப் பத்திரிகை தனி எழுத்துரு. அதை எறக்கி வச்சாத்தான் அந்தப் பத்திரிகையைப் படிக்க முடியும். 1999ல சென்னையில தமிழ்இணையம் மாநாடு கூட்டி டாம், டாப்னு தரம் வகுத்தாக. பெறகு யூனிகோடு பரவி, 2010ல தமிழ்நாடு அரசும் அதை ஏத்துக்கிட்டு ஆணை போட்டுச்சு. ஆனாலும் அச்சு வேலை பாக்குற சென்டர்கள்ல பழசு இன்னும் செத்துப் போகல. அங்க இருந்து வாங்குற எழுத்தை யூனிகோடுக்கு மாத்தித் தரச் சொல்லி வாங்கு. மாத்தித் தர்ற பக்கங்க இணையத்துல ஓசியிலயே கெடைக்கு.

யூனிகோடுல தட்டுனாலும் உன் கைவரிசையை நீ விடலயே. பெருமாள் பேரைக் கொஞ்சம் உத்துப் பாரு. 'சௌந்தரராஜ'ன்னு எழுதணும். நீ எழுதியிருக்கிறது 'செளந்தரராஜ'. ஒற்றைக் கொம்பு, ச, அப்புறம் வயித்தெரிச்சலுக்கு ஒரு ள. பாத்தா ரெண்டும் இரட்டைப் புள்ளைக. மெஷினுக்கு ஔகாரக் குறி வேற, ளகரம் வேற. ரெண்டும் ரெண்டு தனி எண்ணு. கூகுள் பல சமயம் ஊகிச்சுக்கிடும். உன் சைட்டுக்குள்ளயே ஒரு தேடுற பெட்டி வச்சிருக்கியே, அது ஊகிக்காது. சரியா எழுதித் தேடுற பக்தனைப் பாத்து, 'அப்படி ஒண்ணும் இங்க இல்ல'ன்னு சொல்லி அனுப்பிரும். பெருமாள் பேரையே நீ சிதைச்சுப்புட்டு, சைட்டு விளங்கலையேன்னா எப்படி விளங்கும்?

சரி, இம்புட்டு நேரம் வெவரம் தெரியாம செஞ்சது. இப்ப வெவரமா செஞ்சதுக்கு வர்றேன். உன் பக்கத்துக்கு அடியில வெள்ளையா ஒரு வெத்து எடம் கெடந்துச்சு. பேத்தி அது மேல வெரலை வச்சு இழுத்தா, எழுத்தா எந்திரிக்குது! வெள்ளையில வெள்ளை. 'சிறந்த செக்கு எண்ணெய், மலிவான செக்கு எண்ணெய், திண்டுக்கல் செக்கு எண்ணெய், மதுரை செக்கு எண்ணெய், சென்னை செக்கு எண்ணெய்…' படிச்சா வாய் வலிக்கிற அளவுக்கு.

அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கு உன்னைச் சின்ன வயசுல கூட்டிட்டுப் போயிருக்கேன். வியாழக்கிழமை விடியுறதுக்கு முன்னாடியே ஆட்டுக்கு உப்பைக் காட்டி, தாகத்துல வயிறு முட்டத் தண்ணியைக் குடிக்க விட்டு, கும்முன்னு கொண்டாந்து நிறுத்துற ஆளுகளைப் பாத்திருப்ப. வயித்தைப் பாத்து மயங்குறவன் மொத மொதல்ல சந்தைக்கு வந்தவன். பழைய யாவாரி வயித்துப் பக்கமே போக மாட்டான். முதுகுத் தண்டுல கையை வச்சு அமுக்குவான், தொடைச் சப்பையைப் பிடிச்சுப் பாப்பான். மூஞ்சியில ஒண்ணும் காட்டாம அடுத்த ஆட்டுக்குப் போயிருவான். நீ ஏன்னு கேட்டாலும் பதில் வராது. அதோட விடமாட்டான், அடுத்த வாரம் நீ நல்ல ஆட்டைக் கொண்டாந்தாலும் ரெண்டு தடவை அமுக்கிப் பாப்பான். கூகுள் 1998ல கம்பெனியா வந்தது. அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் அது அமுக்கிப் பாக்காத உப்புத்தண்ணி ஆடு இல்ல. பக்கத்துக்குத் தலைமாட்டுல கீவேர்டுன்னு ஒரு மறைவான பட்டியல் எழுதி வச்சிருக்கியே, அதை நாங்க கணக்குலயே எடுக்கிறதில்லைன்னு அவுக 2009லயே சொல்லிட்டாக. அப்ப நீ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு மாங்கா அடிச்சுக்கிட்டிருந்த.

பெரிய கையெல்லாம் இந்த உப்புத்தண்ணியில வழுக்கி விழுந்திருக்கு மாப்ள. பிஎம்டபிள்யூ கார்க்காரன், ஜெர்மனியில. மெஷினுக்குக் காட்டுறதுக்குன்னு பழைய கார், பழைய காருன்னு திரும்பத் திரும்ப எழுதுன பக்கம் ஒண்ணு, மனுசன் வந்தா காட்டுறதுக்கு வேற ஒண்ணுன்னு வச்சிருந்தான். 2006 பிப்ரவரியில கூகுள் அந்தச் சைட்டையே பட்டியல்ல இருந்து தூக்கிருச்சு. அவன் கும்பிடு போட்டுச் சரி பண்ணுன பெறகுதான் உள்ள விட்டாக. அவனுக்கு ரோட்டுல ஓடுற காரே விளம்பரம், கொஞ்ச நாள் தாங்குனான். உனக்கு என்ன ஓடுது, செக்கு மட்டுந்தான்!

அப்புறம் அந்த லிங்க் யாவாரம். ஸ்டான்போர்டுல படிச்ச லாரி பேஜும் செர்கே பிரின்னும், ஒரு பக்கத்துக்கு இன்னொரு பக்கம் குடுக்கிற இணைப்பை மதிப்பா எடுத்துக்கிட்டு வரிசை போடலாம்னு ஒரு வழி கண்டாக. நல்ல யோசனைதான். நம்ம சனத்துக்கு அது காதுல விழுந்ததும் என்ன செய்வாக? மதிப்பை மொத்தமா வாங்கி வெல கூறிட்டாக. நீயும் ஒரு புண்ணியவான்கிட்ட 'ஆயிரக்கணக்குல லிங்க், கூகுள்ல முதல் இடம் உத்தரவாதம்'னு மாசத் தவணைக்கு வாங்கியிருக்க. எங்கெங்க இருந்து லிங்க் வருதுன்னு பேத்தி எடுத்துப் பாத்தா. ரஷ்யாக்காரன் சூதாட்டம், பிலிப்பைன்ஸ்ல டயர்க் கடை, இன்னும் சிலது பொம்பளைப் புள்ளை முன்னாடி நான் கண்ணை மூடிக்கிட்டது. கடலை எண்ணெய்க்கு இவுக எதுக்கடா சிபாரிசு?

அமெரிக்காவுல ஜே.சி. பென்னின்னு பெரிய ஜவுளிக்கடை. உடுப்புலேருந்து படுக்கை விரிப்பு வரைக்கும் எதைத் தேடுனாலும் அவுகதான் மொதல்ல. 2011 பிப்ரவரியில நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை நோண்டிப் பாத்தா, சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கத்துல இருந்து லிங்க். விசயம் கூகுள் காதுக்குப் போச்சு. சாம்சோனைட் பெட்டிக்கு மொத எடத்துல இருந்த கடை, ரெண்டு மணி நேரத்துல 71ஆவது எடம். எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கடைக்காரன் சொன்னான், எஸ்.இ.ஓ. பாத்த கம்பெனியை வெளிய அனுப்புனான். அடுத்த வருசம் ஏப்ரல்ல கூகுள் பென்குயின்னு ஒரு மாத்தம் கொண்டாந்து, இப்படி வாங்குன லிங்க்குகளைச் சல்லடை போட்டுச் சலிச்சுச்சு. முதல் எடத்துக்கு எவனாலயும் உத்தரவாதம் தர முடியாதுன்னு கூகுள் தன்னோட பக்கத்துலயே எழுதி வச்சிருக்கு. உன் புண்ணியவான் அதைப் படிக்கல, நீயும் படிக்கல. படிச்சது ஊருக்குள்ள நான் ஒருத்தன்தான், அதுவும் திண்ணையில படுத்துக்கிட்டே.

'எண்ணெயின் நன்மைகள்'னு எழுபது கட்டுரை வேற போட்டிருக்க. பாதி அங்கிட்டு இங்கிட்டு சுட்டது. மீதி ஏ.ஐ. எழுதுனது. படிச்சுப் பாத்தியா? ஒண்ணுல நல்லெண்ணெய் கடலையில இருந்து வருதாம். ஏ.ஐ.யை வச்சு எழுதுறது குத்தம்னு கூகுள் சொல்லல. மெஷினு எழுதுனாலும் மனுசன் எழுதுனாலும், வரிசையில மேல வர்றதுக்காகவே மொத்த மொத்தமா உப்புச்சப்பில்லாத பக்கத்தைக் கொட்டுனா அது ஸ்பாம்னு 2024 மார்ச்சுல விதியில எழுதிட்டாக. எழுபதையும் தூக்கிப் போட்டுட்டு, உன் செக்கு வாகை மர உரலுங்கிறதையும் கடலை எங்க இருந்து வருதுங்கிறதையும் ஒரு பக்கம் எழுது. அதைச் சுட்டுப் போடவும் வேற எவன்கிட்டயும் சரக்கு இருக்காது.

சில்லறை விசயம் இருக்கு, சட்டுனு சொல்லிப்புடுறேன். மொதப் பக்கத்து செக்குப் போட்டோவைக் கல்யாண ஆல்பத்துக்கு எடுத்த கனத்துலயே ஏத்தி வச்சிருக்க. சிக்னல் இல்லாத காட்டுல நிக்கிறவன் போன்ல அது தொறக்கிறதுக்குள்ள அவன் பாக்கெட் எண்ணெயே வாங்கிட்டுப் போயிருவான். கூகுள் இப்ப எடை போடுறதே போன்ல தெரியுற பக்கத்தை வச்சுத்தான். பக்கத்தோட முகவரியை மாத்துனா பழைய முகவரியில இருந்து புதுசுக்கு 301ன்னு ஒரு திருப்பம் வையி. இல்லைன்னா பழைய வாடிக்கைக்காரன் 404ல போயி முட்டிக்கிட்டு நிப்பான். அஞ்சு நட்சத்திர விமர்சனத்தை உங்க அக்கா, தங்கச்சி, சித்தப்பா மக்கள எல்லாம் ஒரே ராத்திரியில எழுத வச்சிருக்க. நிறுத்து. அதுல ஒருத்தி 'அண்ணன் கடை எண்ணெய் அருமை'ன்னு எழுதியிருக்கா.

இப்பக் கடைசி விசயம். இதை மொதல்லயே சொல்லியிருந்தா மிச்சம் எதையும் நீ காது குடுத்துக் கேட்டிருக்க மாட்ட, அதான் மடியில கட்டி வச்சிருந்தேன்.

கூகுள்ல 'சைட்'டுன்னு இங்கிலீஷ்ல தட்டி, முக்காற்புள்ளி வச்சு, எட விடாம உன் சைட்டு முகவரியைப் போட்டுத் தேடுனா, உன் பக்கங்கள்ல எது எது அதுக்குத் தெரியுதுன்னு வரும். பேத்தி தட்டுனா. ஒண்ணுகூட வரல. மொதப் பக்கமும் இல்ல, 'முகப்பு'ம் இல்ல. உன்கிட்ட பாஸ்வேர்டு கேட்டு வாங்குனாளே, அப்பத்தான் உள்ள போயிப் பாத்தா. வேர்டுபிரஸ்ல செட்டிங்ஸ், அதுக்குள்ள ரீடிங். அங்க 'தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம்'னு அர்த்தம் வர்ற ஒரு கட்டம். அதுல டிக்கு! சைட்டு கட்டிக்கிட்டு இருக்கப்போ, வேலை முடியுற வரைக்கும் வெளிய தெரிய வேணாம்னு போட்டது. வேலை முடிஞ்சுது, பூசை போட்டீக, சுண்டல் குடுத்தீக, டிக்கை மட்டும் எடுக்கல. வெள்ளை எழுத்து, வாங்குன லிங்க், எழுபது கட்டுரை, அக்கா தங்கச்சி நட்சத்திரம் எல்லாத்தையும், வராதன்னு நீயே எழுதி ஒட்டுன கதவுக்குப் பின்னாடி நின்னு பண்ணியிருக்க. ஒரு வகையில நல்லதுதான். உள்ள இருந்த கூத்தைக் கூகுள் இன்னும் பட்டியல்ல ஏத்தல.

அதனால அவசரப்பட்டு டிக்கை இப்பவே எடுத்துப்புடாத. மொதல்ல வெள்ளை எழுத்தைத் துடை, எழுபதையும் தூக்கு, தலைப்புல கடலை எண்ணெய்னு எழுது, வடமதுரைக்குப் பக்கத்துல திண்டுக்கல் மாவட்டம்னு சேரு, பெருமாள் பேரைத் திருத்து. அப்புறம் டிக்கை எடு. கூகுளோட சர்ச் கன்சோல்ல சைட்டைப் பதிஞ்சு சைட்மேப்பைக் குடு. ரெண்டுக்கும் காசு இல்ல. எந்தச் சொல்லைத் தேடி வந்தாகன்னு அந்தக் கன்சோல்லயே தெரியும். மறுநாளே வந்து 'ஏன் மாமா மேல வரல'ன்னு நிக்காத. மாத்தம் சிலது சில மணி நேரத்துல தெரியும், சிலதுக்குப் பல மாசம் ஆகும்னு கூகுளே சொல்லுது.

தவணைக்காரன் வர்ற மாசமும் போன் போடுவான். காசு அனுப்புறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளு: 'இத்தனை மாசமா வேலை பாத்தீகளே, அந்த டிக்கு எங்க இருக்குன்னு தெரியுமா?' அவன் முழிச்சான்னா, போனை என்கிட்ட குடு.